ஈடுகட்ட மறுத்த கொடி

கடந்த நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. இடம்: மட்டாஞ்சேரியில், கிடங்குகளுக்கு நடுவே உள்ள மைதானம். உள்ளூர் கால்பந்துத் தொடரின் இறுதிப் போட்டி, சுள்ளிக்கல் அணிக்கும் கலூர் அணிக்கும் இடையே. காலையில் மழை பெய்தது, மாலையில் இல்லை. ஆட்டம் நான்கு மணிக்குத் தொடங்கியது. மைய நடுவர்: தேவராவில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. கிழக்குப் பாதியின் துணை நடுவர்: இதை எழுதுபவன். முதல் பாதியில் கலூர் ஒரு கோல் அடித்தது. அதே பாதியில், மேற்குக் கோல் முன்பாக, சுள்ளிக்கல்லின் முன்கள ஆட்டக்காரர் செல்வம் தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. பந்து கோட்டைக் கடக்கும் முன்பே, கோல்கீப்பர் தள்ளப்பட்டதாக விசில் ஊதப்பட்டது. கோல் வழங்கப்படவில்லை. இடைவேளையில் நிலவரம்: கலூர் ஒன்று, சுள்ளிக்கல் பூஜ்யம்.

இதுவரை உள்ளது அறிக்கைக்குரிய மொழி. இப்போதுதான் விசிலையும் கொடியையும் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இடைவேளைக்குப் பின் நடந்ததை. அதை நினைத்தால் இன்றும் என்னால் நாற்காலியில் அமைதியாக உட்கார முடிவதில்லை. இந்த வயதில் இப்படி ஒரு பரபரப்பு ஒருவனுக்குத் தகுமா என்று தெரியவில்லை. ஆனால் அது இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

என்னை அறியாதவர்களுக்கு: நான் கல்லூரியில் பௌத்த தத்துவம் கற்பித்தவன். வாரநாட்களில் வகுப்பு, விடுமுறை நாட்களில் எல்லைக்கோடு. நடுவர் பயிற்சி முகாம்களில் விதிகளைப் பிறர் கற்பிப்பார்கள். எனக்குக் கடைசி அரைமணி நேரம் தருவார்கள். அதில் நான் எப்போதும் ஒன்றையே சொல்வேன். நீதி வழங்கும் இடத்தில் இருப்பவன் நான்கு வழிகளில் தடம் புரள்கிறான் என்று புத்தர் கற்பித்தார்: விருப்பினால், வெறுப்பினால், மயக்கத்தினால், அச்சத்தினால். விசில் உதட்டுக்குப் போகும் முன் இந்த நான்கில் எது உங்களைத் தள்ளுகிறது என்று பாருங்கள் என்பேன். இதனால் எனக்கு ‘நாலுவழி மாஷ்’ என்று பெயர் விழுந்தது; மலையாளத்தில் மாஷ் என்றால் ஆசிரியர். "மாஷே, அந்த நாலு வழியில கலூருக்கு பஸ் போற வழி எது?" என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

கடந்த ஜூலையில் என் மனைவி காலமானார். நடுவர் சங்கத்தினர் அன்புள்ளவர்கள். எல்லா ஆட்டங்களிலிருந்தும் என்னை விலக்கி, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். நவம்பரில் ஒருநாள் தேவரா ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் அழைப்போம்.

"மாஷே, ஃபைனலுக்கு ஒரு கொடி காலியா இருக்கு. கால் ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப வாங்க. மூணு மணிக்கே வந்துடணும்."

ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலை நான் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டேன்.

இனி செல்வத்தைப் பற்றி. கம்பம் ஊரிலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். அவன் வளர்ந்தது சுள்ளிக்கல்லில். காலையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா அடிப்பான், மாலையில் ஆடுவான். அந்த இறுதிப் போட்டியைப் பார்க்க ஒரு பொதுத்துறை அணியின் தேர்வாளர் வந்திருந்தார். அவர்களுக்கு ஒப்பந்தத்தில் ஒரு முன்கள ஆட்டக்காரர் தேவை. அவர் அதை ஒளிக்கவும் இல்லை. செல்வத்துக்கு அந்த வேலைக்கான வயது இந்த மார்ச் மாதத்தோடு முடிகிறது. இதுவும் ஊருக்கே தெரியும். ஆகவே நடுக்கோட்டுக்கு நேராகப் போட்டிருந்த அந்த ஒற்றைப் பிளாஸ்டிக் நாற்காலியை ஆட்டக்காரர்களும் பார்த்தார்கள், கிடங்கின் ஓட்டுக்கூரையில் ஏறியிருந்தவர்களும் பார்த்தார்கள்.

இடைவேளையில் நாங்கள் மூன்று நடுவர்களும் ஒரு கிடங்கின் மூலையில் அமர்ந்தோம். சுக்கு மூட்டைகளின் காரம் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. போட்டிக் குழுவின் செயலாளர் கைப்பேசியை நீட்டியபடி உள்ளே வந்தார்.

"டீச்சரே, கண்டோ இது? வெளியில மொத்த ஊரும் பாத்தாச்சு. நீங்கதான் பாக்கி."

பார்க்க வேண்டிய கடமை டீச்சருக்கு இல்லை. ஆனால் படம் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் தன் அணி ஆட்டக்காரரின் காலில் இடறி விழுகிறார். செல்வம் அவரைத் தொடக்கூட இல்லை.

டீச்சர் தண்ணீர் பாட்டிலை மூடினார். பிறகு திறந்தார். குடிக்கவில்லை.

மேற்குப் பாதியின் துணை நடுவர், வங்கியில் வேலை பார்க்கும் நல்ல மனிதர், டீச்சரின் தோளருகே குனிந்தார். "விடுங்க டீச்சரே. ரெண்டாம் பாதியில ஒண்ணு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். பாக்ஸுக்குள்ள எவனாவது விழாமலா போவான்?"

இளையவர்களே, இந்தச் சொல்லை நீங்கள் விரைவில் கேட்பீர்கள். நம் தொழிலுக்கே உரிய பிழை இது. கரும்பலகையில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்ட ஆசிரியர், அடுத்த கணக்கையும் வேண்டுமென்றே தவறாகப் போட்டு முதல் தவறைச் சரிசெய்வதில்லை. நடுவர் மட்டுமே அப்படிச் செய்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறார். ஓர் அணிக்குத் தவறாக மறுத்ததை மற்றொரு இடத்தில் தவறாகக் கொடுத்து ஈடுகட்டுகிறார். பார்வையாளர்களும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அதுதான் அதன் ஆபத்து.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அவர் பேசியது மலையாளத்தில், தமிழில் தருகிறேன்.

"மாஷே, இப்ப இவர் சொன்னது உங்க நாலுல எந்த வழி?"

நான் தேடினேன். விருப்பா? டீச்சருக்குச் சுள்ளிக்கல்மீது பற்று ஏதும் இல்லை. வெறுப்பு இல்லை. அச்சம் என்றால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். மயக்கமா? நடந்தது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பின் ஈடுகட்டத் தூண்டுவது எது? ஆண்டாண்டுகளாக நான் சொல்லிவந்த பாடத்தில் அதற்கு இடமே இல்லை.

"தெரியல டீச்சர்."

"ஷெரி. மாஷுக்கும் சிலபஸ்ல இல்லாத கேள்வி வந்தாச்சு" என்றார். அந்த நிலையிலும் அவர் சிரித்தார். பிறகு எழுந்தார். "நான் ரெண்டு கேப்டனையும் கூப்பிட்டு, விசில் தப்புன்னு சொல்லப்போறேன்."

நான் தடுத்தேன். நற்பேச்சு உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, வேளையறிந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது பௌத்தம். மைதானம் கொதிக்கும்போது இதைச் சொன்னால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். "உண்மைதான் டீச்சர். ஆனா இது வேளை இல்ல."

"வேளை எப்ப வரும் மாஷே? கப்பு கொடுத்த பிறகா?"

நான் கொடியை எடுத்துக்கொண்டேன்.

மைய வட்டத்தில் அவர் இரு தலைவர்களையும் நிறுத்திச் சொன்னது எனக்கும் கேட்டது. "முதல் பாதியில என் விசில் தப்பு. செல்வம் ஃபவுல் செய்யல. அந்தக் கோலைத் திரும்பக் கொடுக்க முடியாது. அதுக்கு பதிலா வேற எதையும் கொடுக்கவும் மாட்டேன். ரெண்டு பேரும் உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க."

சுள்ளிக்கல் தலைவர் ஆட்டோ ஓட்டுபவர். இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தார். "சொல்லாமலே இருந்திருக்கலாம் டீச்சரே. நிம்மதியா திட்டவாவது முடிஞ்சிருக்கும்."

கலூர் தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பதிலுக்கு ஒண்ணும் இல்லைன்னு உறுதிதானே?"

"உறுதி."

இரண்டாம் பாதி தொடங்கியது. அணிகள் பக்கம் மாறியதால் சுள்ளிக்கல்லின் தாக்குதல் முழுவதும் என் கோட்டருகே வந்தது. மட்டாஞ்சேரியில் நடுவரைத் திட்டுவதற்கு மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எல்லாம் கைகொடுக்கும். நான்கும் புரிவது என் துரதிர்ஷ்டம். என் முதுகுக்குப் பின்னால் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் விடாமல் கேட்டார்: "மாஷே, அந்தக் கொடி என்ன, காயப்போடவா கொண்டாந்தீங்க?"

ஒருமுறை பந்து வெளியே போனபோது செல்வம் அதை எடுக்க என்னருகே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குனிந்தபடியே தமிழில் சொன்னான்.

"சாரே, நம்ம ஆளுன்னு உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. கண்ணை மட்டும் எடுத்துராதீங்க. அது போதும்."

சலுகை கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விருப்பு என்று அடையாளம் கண்டு ஒதுக்கியிருப்பேன். அவன் கேட்டதோ நான் செய்ய வேண்டிய வேலையை.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. சுள்ளிக்கல்லின் நடுக்கள ஆட்டக்காரர் பந்தை இரண்டு பேருக்கு நடுவே தள்ளினார். விதி உங்களுக்குத் தெரியும்: பந்து காலைவிட்டுப் புறப்படும் அந்தக் கணத்தில், தாக்குபவர் எதிரணியின் கடைசித் தற்காப்பு வீரரைத் தாண்டி நிற்கக் கூடாது. நான் அந்த வீரருக்கு நேர்க்கோட்டில் இருந்தேன். செல்வம் தாண்டியிருந்தான், ஒரு பூட்ஸ் நீளம். ஒரு பாய்ச்சல், ஓர் உதை, வலை அதிர்ந்தது. கூரையிலிருந்தவர்கள் ஓடுகள் நொறுங்கக் குதித்தார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு கண்ணிமைப்புக்குள் நடந்ததைச் சொல்ல இத்தனை சொற்கள் வேண்டியிருக்கிறது.

என் கண் பார்த்துவிட்டது. கை எழவில்லை. அந்தக் கைக்கு ஒரு கனம் இருந்தது. நெஞ்சில் ஓர் இனிமை பரவியது. அவனுடைய கோல் ஏற்கெனவே ஒன்று பறிக்கப்பட்டிருந்தது. நாற்காலியில் தேர்வாளர் இருந்தார். நான் சும்மா இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அந்த மைதானத்தில் என்னைத் தவிர யாரும் அந்த ஒரு பூட்ஸ் நீளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அப்போது உணர்ந்தது கருணை என்றே நம்பினேன். ஆனால் அந்த இனிமைதான் என்னை எச்சரித்தது. சரியான முடிவு எடுக்கும்போது எனக்கு ஒருபோதும் இனிமையாக இருந்ததில்லை; அப்போது எதுவுமே இருப்பதில்லை, கண் மட்டும் இருக்கும்.

பௌத்த உரையாசிரியர்கள் ஒவ்வொரு நற்குணத்துக்கும் இரண்டு பகைகளைக் காட்டுகிறார்கள். ஒன்று தொலைவில் இருப்பது, பார்த்ததும் தெரிந்துவிடும். மற்றொன்று அருகில், அந்த நற்குணத்தின் சாயலிலேயே நிற்பது. கருணைக்குத் தொலைவில் நிற்கும் பகை கொடுமை. அருகில் நிற்கும் பகை துயரம். இதை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்! அந்தக் கணத்தில்தான் அதன் பொருள் எனக்குத் தெரிந்தது. அந்த மாலை இன்னொருவருடைய இழப்பைப் பார்க்க என்னிடம் தெம்பு இருக்கவில்லை. கொடியை இறக்கியே வைத்திருக்க என்னைத் தூண்டியது அவனுடைய வேதனை அல்ல, என்னுடையது. என் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக ஒரு பொய்யை அவனுக்குப் பரிசாகக் கொடுக்கவிருந்தேன். டீச்சரின் கேள்விக்கு விடை அதுதான். நடுவரை ஈடுகட்டத் தூண்டுவதும் தன் வலிதான்: தவறு செய்துவிட்டோம் என்பதைத் தாங்க முடியாமை.

கொடியை உயர்த்தினேன்.

விசில். பிறகு மைதானத்தில் எழுந்த ஓசையை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் என் காதோரம் சென்றது. செல்வம் என்னை நோக்கி ஓடிவந்தான்.

"உங்களுக்கு மனசே இல்லையா சாரே?"

இப்படிப்பட்ட வேளையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்றுதான் உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் திருப்பவில்லை. மனச் சமநிலை என்ற நற்குணத்துக்கு அருகில் நிற்கும் பகை அலட்சியம். "ஒரு பூட்ஸ் அளவு, செல்வம். நான் கண்ணை எடுக்கல" என்றேன். அவன் என்னை நேராகப் பார்த்தான். பிறகு அவனுடைய தலைவர் அவன் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு இழுத்துச் சென்றார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரணக் கதை. முடியவில்லை.

வீணான நிமிடங்களுக்காகச் சேர்த்த கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மீண்டும் அதே நடுக்கள வீரர், அதே இடைவெளி, அதே ஓட்டம்! இம்முறை செல்வத்தின் முழங்காலும் தற்காப்பு வீரரின் முழங்காலும் ஒரே நேர்க்கோட்டில். ஒரே நேர்க்கோடு என்றால் ஆட்டம் தொடர வேண்டும். கலூர் தற்காப்பு முழுவதும் கையை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தது. கலூர் ஆதரவாளர்கள் "கொடி! கொடி!" என்று அலறினார்கள். என் கை இருப்பதே எனக்குத் தெரியவில்லை. கனமும் இல்லை, இனிமையும் இல்லை. பந்து கோல்கீப்பரின் விரல் நுனியைத் தாண்டி, கம்பத்தின் உட்புறத்தில் பட்டு உள்ளே சென்றது. ஒன்றுக்கு ஒன்று!

நான் நடுக்கோட்டை நோக்கி ஓடினேன். கோல் சரி என்பதற்கு நம் அடையாளம் அதுதான். இளையவர்களே, அந்த ஓட்டத்தைப்போல் ஓர் ஓட்டம் என் வாழ்க்கையில் இல்லை.

ஆனால் பாருங்கள்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஈடுகட்டியதுபோலவே இருந்தது. முதலில் ஒன்றை மறுத்தார்கள், கூச்சல் வந்ததும் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். நேர்மையான முடிவும் நேர்மையற்ற முடிவும் மைதானத்தில் ஒரே உருவத்தில்தான் தெரியும். ஒரு செயலை அதற்கு முன்பும், செய்யும்போதும், செய்த பின்பும் பார் என்று புத்தர் தம் மகனுக்குச் சொன்னார். ஓடிக்கொண்டே நான் மூன்றையும் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதை யாருக்குக் காட்ட முடியும்?

கலூர் ஆட்டக்காரர்கள் டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கத்தினார்: "அட்ஜஸ்ட் பண்ணியாச்சா டீச்சரே? இப்ப திருப்தியா?"

டீச்சர் அசையவில்லை. கலூர் தலைவர்தான் நடுவே வந்தார். தன் ஆட்களை ஒவ்வொருவராக மார்பில் கைவைத்துப் பின்னால் தள்ளினார். "போதும்டா, போ. தப்பு செஞ்சதை நம்மகிட்ட வந்து சொன்ன ஆளு அவங்க. அட்ஜஸ்ட் செஞ்சிருந்தா அதையும் சொல்லியிருப்பாங்க. போய் நில்லு."

கூட்டம் கலைந்தது. வேளை இல்லை என்று நான் தடுத்த அந்த வாக்குமூலம்தான் என் கொடியை நம்பவைத்தது. நான் நூல்களிலிருந்து வேளையை அறிந்திருந்தேன். டீச்சர் மைதானத்திலிருந்து அறிந்திருந்தார்.

பெனால்டிகளில் சுள்ளிக்கல் வென்றது. செல்வத்தைத் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து அவன் நடுக்கோட்டுப் பக்கம் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது. என் கொடி உயர்ந்ததுமே தேர்வாளர் எழுந்துவிட்டாராம். தோப்பும்படிப் பாலத்தில் நெரிசல் ஏறும் முன் போய்விட வேண்டும் என்றாராம். கடைசிக் கோலை அவர் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் செல்வம் கிடங்குக்கு வந்தான். கழுத்தில் பதக்கம், காலில் பூட்ஸ் இல்லை. சேற்றுக் கால்களோடு வாசலிலேயே நின்றான்.

"முதல் கோல் நின்னிருந்தா அந்த ஆளு போயிருக்க மாட்டார், டீச்சரே."

"ஆமா. அது என் தப்பு" என்றார் டீச்சர். வேறெதுவும் சேர்க்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். "ரெண்டாவது?"

"ஆஃப்சைடு."

"மூணாவது?"

"சுத்தமான கோல்."

"மூணும் உங்களுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கா சாரே?"

எத்தனையோ தேர்வுகளில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு கூர்மையான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"இல்ல" என்றேன். "ரெண்டாவதுக்குக் கை கனத்துப்போச்சு. எழவே இல்ல."

"ஆனா தூக்கினீங்க."

"தூக்கினேன்."

அவன் பதக்கத்தின் நாடாவை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். "அப்ப அந்த மூணாவதை நீங்க சும்மா தரல" என்றான்.

"சும்மா தரல."

"அது போதும்" என்று அவன் சொல்லவில்லை. அதை நீங்கள் எதிர்பார்த்தால் நானும் அன்று எதிர்பார்த்தேன். அவன் வெளியே போனான். வெளியே அவனைப் பார்த்ததும் மறுபடியும் ஆரவாரம் எழுந்தது.

அதுவே என் கடைசி ஆட்டம். கொடியையும் சீருடையையும் டிசம்பரில் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் கற்பித்ததை ஒரு கண்ணிமைப்பில் கற்றுக்கொண்டு விடைபெறுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உங்களுக்கும் ஒருநாள் கை கனக்கும். அப்போது உங்கள் நெஞ்சில் இனிமை பரவினால், உடனே சந்தேகப்படுங்கள்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

பயிற்சிப் பாடத்தில் நான்கு வழிகளோடு, இதையும் சேர்த்துப் புதிதாக எழுதுவது.

தவறை இடைவேளையிலேயே ஒப்புக்கொள்வது பற்றிச் சங்கத்தில் டீச்சரைப் பேச அழைப்பது. அவர் மறுப்பார்; மறுபடியும் அழைப்பது.

தேர்வாளரைச் சந்தித்து, அவர் எழுந்துபோன பிறகு நடந்ததைச் சொல்வது. கொடி கையில் இருந்தவரை அது முறையல்ல, இப்போது முறைதான். என் மனம் லேசாவதற்காகவா இதைச் செய்கிறேன் என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்தது போதும். மார்ச் நெருங்குகிறது.

அதற்கு முன், பரோட்டாக் கல் சூடாகும் முன்பே போய், செல்வத்திடம் அவனுக்குச் சம்மதமா என்று கேட்பது.